ப்ராக்ஸி வழியாக வந்த வரிகள்

எங்கள் ஆபீசில் என்னைத் தவிர எல்லோருக்கும் காது கேட்கும். பள்ளிக்கூட நாளில் வந்த ஒரு காய்ச்சல் என் காதை மட்டும் எடுத்துக்கொண்டு போனது. வாய் தப்பித்தது. அதற்கு ஒரு குறையும் இல்லை என்று ஆபீசில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், கொஞ்சம் அலுப்போடு.

அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனி. பெட்டிகளின் வடிவத்தை வரைந்து கொடுப்பது என் வேலை. ஒருவர் எதிரே நின்று பேசினால் உதட்டைப் பார்த்தே பிடித்துவிடுவேன். கூட்டத்தில்தான் திண்டாட்டம். ஒரு வாயைப் பிடிப்பதற்குள் பேச்சு அடுத்த வாய்க்குத் தாவிவிடும். போன கூட்டத்தில் மூடி எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று முடிவு செய்தது எனக்குத் தெரியவே இல்லை. ஒரு வண்டிப் பெட்டி வீணாய்ப் போனது.

மேனேஜர் நல்ல மனிதர். "கூட்டத்துல பேசறது புரியறதுக்கு ஒரு வழி பண்ணுங்கம்மா. இல்லன்னா ஸ்டோர்ல ஒரு இடம் இருக்கு" என்று என் முகத்தைப் பார்த்து நிதானமாகச் சொன்னார். பசை டப்பா எண்ணுவதற்கா நான் படித்தேன்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

புரோகிராம் எழுதும் தம்பி எனக்கு இருக்கிறான். அவனே வழி கண்டுபிடித்தான். மேசை நடுவில் ஒரு மைக். அதில் விழும் பேச்சு வெளியே ஒரு சர்வருக்குப் போய், எழுத்தாகத் திரும்பி என் திரையில் ஓடும். நடுவே இருப்பது வெப்சாக்கெட் என்ற இணைப்பு. ஒருமுறை திறந்துவிட்டால் மூடுகிறவரை இரண்டு பக்கமும் பேசிக்கொண்டே இருக்கலாம். வீட்டில் ஜோராக ஓடியது. அம்மா போனில் அத்தையைப் பற்றிப் பேசியதை உட்கார்ந்து வாசித்தேன். நேரம் போனதே தெரியவில்லை.

ஆபீசில் அது வாயே திறக்கவில்லை. இங்கே எதுவும் நேராக வெளியே போக முடியாது, ப்ராக்ஸி என்ற நடு சர்வர் வழியாகத்தான் போக வேண்டும். அதைப் பார்த்துக்கொள்கிறவரைப் பூட்டு என்போம், அவர் முன்னாலேயே. சனிக்கிழமை மதியம், கூட்ட அறை காலியாக இருந்தபோது தம்பியையும் அவரையும் அங்கே அழைத்து வந்து, மேசை நடுவில் மைக்கை வைத்தேன்.

"ப்ராக்ஸி அட்ரஸ் குடுத்துட்டேண்ணே. வெப்சைட் எல்லாம் தொறக்குது. இது மட்டும் ஏன் அடம் பிடிக்குது?" என்றான்.

பூட்டு அவன் எழுதியதை மேலும் கீழும் பார்த்தார். "அந்த அட்ரஸ இது கண்டுக்காது தம்பி. நேரா வெளிய போகப் பாக்குது. இதுக்குத் தனியா சொல்லணும். மொதல்ல ப்ராக்ஸிகிட்ட போயி, அந்த சர்வர் வரைக்கும் ஒரு வழி விடுன்னு கேளு. அது சரின்னு சொன்னப்புறம் அந்த வழியில வெப்சாக்கெட்டத் தொற."

தம்பி எழுதினான். ப்ராக்ஸி, பெயரும் பாஸ்வேர்டும் எங்கே என்று திருப்பி அனுப்பியது. பூட்டு அவை இரண்டையும் புதிதாகப் போட்டுக் கொடுத்தார். மறுபடி ஓட்டினான். மூன்று பேரும் மூச்சுவிடாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்றும் வரவில்லை. யாரும் பேசாமல் இருந்தால் திரையில் என்ன வரும்? அது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

தம்பி பிடரியைச் சொறிந்துகொண்டு ஜன்னலோரம் போய் நின்றான். பூட்டும் பின்னாலேயே போனார். எனக்குத் தெரிந்தது இரண்டு முதுகுகள்தான். அப்போது திரையில் எழுத்து ஓடியது.

வெளிநாட்டு வேலை கெடைச்சிருச்சுன்னு கேள்விப்பட்டேன். எப்பக் கெளம்பற?

வீட்ல இன்னும் சொல்லலண்ணே.

ஏன்?

இது ஓடுனா போவேன். ஓடலன்னா வரலன்னு எழுதிருவேன். அக்காவ ஸ்டோருக்குத் தள்ளிட்டு நான் எங்க போறது?

என் வேலை தப்பியது. துள்ளிக் குதித்திருக்க வேண்டும். நான் குதிக்கவில்லை. விசேஷ வீடானாலும் ஆஸ்பத்திரியானாலும் என் எதிரே உட்கார்ந்து, மற்றவர்கள் பேசியதை எல்லாம் எனக்காக உதட்டால் திரும்பச் சொல்கிறவன் அவன்தான். அவன் இல்லாத வீட்டை நினைக்கப் பயமாக இருந்தது. ஒண்ணும் வரலடா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இங்கேயே இருப்பான். பகலில் பசை டப்பா, சாயங்காலம் அவனோடு சண்டை என்று காலத்தை ஓட்டிவிடலாம். கை தானாக மவுசுக்குப் போய் அந்த வரிகளை மறைத்தது.

தம்பி திரும்பினான். "ஏதாவது வந்துச்சாக்கா?"

நான் என்ன சொன்னாலும் நம்பியிருப்பான். முகத்திலேயே தெரிந்தது. அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மறைத்ததைத் திறந்து, திரையை அவன் பக்கம் திருப்பினேன். நின்றபடியே படித்தான். அவன் இப்போது கேட்டதும் கடைசி வரியாக அங்கே இருந்தது.

"எப்படா கெளம்பற?" என்றேன்.

என் கேள்வியும் அதன் கீழே வந்து நின்றது.