ஜெயவேலு சார் சொல்லிக்கொடுத்த சீன மொழி

தாம்பரத்தில் ஒரு தனியார் கல்லூரியில் வரலாறு நடத்திவந்த ஜெயவேலு, வேலைக்கான நேர்முகத் தேர்வில் ஒரு பொய் சொல்லியிருந்தார். "வேறு ஏதாவது மொழி தெரியுமா?" என்று கேட்டார்கள். "சீன மொழி கொஞ்சம் தெரியும் சார்" என்றார். மூர் மார்க்கெட்டில் ஒரு பழைய புத்தகத்தை வாங்கிப் பத்துப் பக்கம் புரட்டியிருந்தார், அவ்வளவுதான். வேலை கிடைத்தது. சொன்னதை அவரே மறந்துபோனார்.

முதல்வர் வேதசிரோமணி மறக்கவில்லை. பன்னிரண்டு வருடம் கழித்து, 1993 ஜூனில், அவரைக் கூப்பிட்டார்.

"செப்டம்பர் கடைசியில நம்ம பசங்க பத்துப் பேர் சைனா போறாங்க. கல்ச்சுரல் எக்ஸ்சேஞ்ச். கோலாட்டம், கரகமெல்லாம் பி.டி. மாஸ்டர் பார்த்துக்குவார். பேச நீங்க கத்துக்குடுங்க. கூடப் போறதும் நீங்கதான்."

"சார், எனக்கு அவ்வளவா வராது..."

"அடக்கமெல்லாம் அப்புறம் காட்டலாம், ஜெயவேலு."

உண்மையைச் சொல்ல அதுதான் சமயம். ஜெயவேலு சிரித்துவிட்டு வெளியே வந்தார்.

அன்றைக்கே பரண்மேல் ஏறிப் புத்தகத்தைத் தேடி எடுத்தார். அதில் சீனச் சொற்களை ஆங்கில எழுத்தில் போட்டிருந்தார்கள். எப்படி உச்சரிப்பது என்று விளக்கிய முன்பக்கங்களைக் கரையான் தின்றிருந்தது. அவர் எழுத்துக்கூட்டிப் படித்தார். எக்ஸ் வந்த இடத்தில் 'க்ஸ்' என்றார், கியூ வந்த இடத்தில் 'க்' என்றார். நன்றி என்பதற்கு 'க்ஸியே க்ஸியே'. சாயங்காலம் நாலரை மணிக்குப் பத்துப் பேரும் அவர் பின்னாலேயே அதைச் சொன்னார்கள்.

அவர்களில் கெட்டிக்காரி காந்திமதி. கோவிலம்பாக்கத்திலிருந்து பல்லாவரம் வரை பஸ்ஸிலும், அங்கிருந்து மின்சார ரயிலிலும் வருகிறவள். நன்றியுரையை அவள்தான் சொல்வது என்று முடிவாகியிருந்தது. புத்தகத்து வாக்கியங்களை ஜெயவேலு கோத்து எழுதிய இருபத்திரண்டு வரி. ரயிலில் நின்றுகொண்டே மனப்பாடம் செய்தாள். வீட்டில் தம்பிகளும் சாப்பிட்டு எழுந்தால் 'க்ஸியே க்ஸியே' சொல்கிறார்கள் என்று ஒருநாள் சிரித்தபடி சொன்னாள். ஜெயவேலுவும் சிரித்தார். அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

பயணத்துக்கு முன் மருத்துவப் பரிசோதனை நடந்தது. காந்திமதிக்குக் கடைவாய்ப் பல் ஒன்று சொத்தை, எடுத்துவிட்டு வா என்றார் டாக்டர். பல்லாவரம் கடைத்தெருவில் சென் என்ற சீனப் பல் மருத்துவர் இருந்தார். அவர் தாத்தா காலத்திலேயே மதராசுக்கு வந்துவிட்ட குடும்பம். காந்திமதி அவரிடம் போனாள்.

மறுநாள் கன்னம் வீங்கியிருக்க, வகுப்பு முடிந்தும் போகாமல் நின்றாள்.

"சார், நேத்து அந்த டாக்டர்கிட்ட நம்ம ஸ்பீச்சைச் சொல்லிக் காமிச்சேன். ஒரு வார்த்தைகூடப் புரியலைன்னுட்டார் சார்."

ஜெயவேலுவின் வாய் தயங்கவில்லை.

"அவங்க ஏதோ கிராமத்துப் பக்கம்மா. பேசறது கொச்சை. நாம கத்துக்கறது தலைநகர் பாஷை. அவருக்கு எப்படிப் புரியும்?"

அவள் முகம் தெளிந்தது. "அதானே சார்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. கேட்காமல் நம்பியதுதான் தாங்கவில்லை.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு ஒரு சனிக்கிழமை, பல் வலிப்பதாகச் சொல்லி அவரே சென்னிடம் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். சென் விளக்கைத் திருப்பி வாய் முழுக்கத் தேடினார்.

"இன்னா சார், பல்லு எல்லாம் நல்லாத்தானே கீது?"

ஜெயவேலு வாயை மூடிக்கொண்டார். பிறகு, தான் யார், எதற்கு வந்தோம் என்று எல்லாவற்றையும் சொன்னார். சென் கையைக் கழுவித் துடைத்துவிட்டுச் சொன்னார்:

"அந்தப் பொண்ணு தையல் பிரிக்க மறுபடி வந்துச்சு சார். 'எங்க சார்கிட்ட கேட்டேன், உங்க பாஷைதான் கொச்சையாம், நீங்க நல்ல பாஷை கத்துக்கணும்'னு சொல்லிச்சு. எங்க வூட்ல பேசறது வேற மாதிரிதான், அது நெசம். ஆனா அது பேசனது எந்த ஊர் பாஷையும் இல்ல."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் இன்னா சொல்ல? சரிம்மான்னேன். அது உன்ன அவ்ளோ நம்பிகினு கீதே."

சென்னின் மனைவி கல்கத்தாவில் சீனப் பள்ளியில் தலைநகர் பாஷை படித்தவர். உள்ளே இருந்து எல்லாவற்றையும் கேட்டிருந்தார். வெளியே வந்து, "இன்னும் எத்தனை நாள் இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

பன்னிரண்டு நாள் இருந்தது.

திங்கட்கிழமை ஜெயவேலு பத்துப் பேரையும் உட்காரவைத்தார். "எனக்குச் சீன மொழி தெரியாது. ஒருநாளும் தெரிஞ்சதில்லை. உங்களை மூணு மாசம் ஏமாத்திட்டேன்" என்றார். பின்வரிசையில் தயாளன் சிரித்தான். சார் விளையாடுகிறார் என்று நினைத்திருக்க வேண்டும். யாரும் கூடச் சேராததால் நிறுத்திக்கொண்டான். காந்திமதி நோட்டைத் திறந்து இருபத்திரண்டு வரியையும் பார்த்தாள். பிறகு மூடினாள்.

சென்னின் மனைவி தினமும் சாயங்காலம், முதல்வர் வீட்டுக்குப் போன பிறகு வந்தார். நாக்கைக் கீழ்ப்பல்லில் வைத்து 'ஷியே ஷியே' சொல்லச் சொன்னார். குரல் ஏற வேண்டிய இடத்தில் கையைத் தூக்கினார், இறங்க வேண்டிய இடத்தில் தாழ்த்தினார். இருபத்திரண்டு வரியை ஐந்தாகக் குறைத்தார். பழைய உச்சரிப்பு நாக்கில் படிந்துபோயிருந்ததால் காந்திமதிக்குத்தான் எல்லோரையும்விடக் கஷ்டமாக இருந்தது. மற்றவர்கள் போன பிறகும் அவள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெயவேலு வராந்தாவில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ரத்த அழுத்தம் என்று முதல்வருக்கு எழுதிக்கொடுத்துப் பயணத்திலிருந்து அவர் விலகிக்கொண்டார். அதுவும் ஒரு பொய்தான். அவருக்குப் பதில் இயற்பியல் பேராசிரியை போனார். மீனம்பாக்கம் விமான நிலையத்தில் வழியனுப்பும்போது காந்திமதி, "வரேன் சார்" என்றாள். மரியாதையில் குறையில்லை. கண்ணைத்தான் பார்க்கவில்லை.

ஐந்து வரி உரைக்கு அங்கே பலத்த கைதட்டலாம். திரும்பி வந்ததும் நடந்த பாராட்டு விழாவில் வேதசிரோமணி அதைப் பெருமையாகச் சொல்லி, ஜெயவேலுவை மேடைக்கு அழைத்துச் சால்வை போர்த்தினார். மாணவர்கள் ஒருவரும் அவரைக் காட்டிக்கொடுத்திருக்கவில்லை. மைக் எதிரே நின்றபோது சென் வீட்டுப் பெயரைச் சொல்லத்தான் வாயெடுத்தார். நிர்வாகக் குழுவினர் முதல் வரிசையில் இருந்தார்கள். "நன்றி" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

விழா முடிந்து காந்திமதியைத் தேடிப் போய்ப் பிடித்தார்.

"அந்த டாக்டரைப் பத்தி உன்கிட்டச் சொன்னேனே, அதுதாம்மா எனக்கு..."

"நான் போய் மன்னிப்புக் கேட்டுட்டேன் சார். சைனாவுக்குப் போறதுக்கு முன்னாடியே."

"நீ எதுக்கும்மா கேட்கணும்?"

"அவர் முகத்துக்கு நேரா நான்தானே சார் சொன்னேன்."

அவள் ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினாள். ஜெயவேலு தோளிலிருந்த சால்வையை எடுத்து மடித்தார். நேரே முதல்வர் அறைக்குப் போனார். கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே வேதசிரோமணி விருந்தினர்களோடு காபி குடித்துக்கொண்டிருந்தார். "வாங்க ஜெயவேலு, உட்காருங்க" என்றார்.

அவர் உட்காரவில்லை. "சார், எண்பத்தொண்ணுல இன்டர்வியூவில் நான் ஒண்ணு சொன்னேன்" என்று ஆரம்பித்தார்.