கேமராவுக்கு வைத்த பொட்டு

காளியப்பனுக்கு அந்தக் கேமராவைக் கண்டாலே ஆகாது. லாரியின் முன்கண்ணாடியில் உள்பக்கமாக ஒட்டியிருந்த தீப்பெட்டி அளவு சாமான். முன்னால் போகிற வண்டியை நெருங்கினால் கீச்சுக்கீச்சென்று கத்தும். இருபது வருஷம் ஸ்டியரிங் பிடித்தவனுக்கு அது மானக்கேடாக இருந்தது. முதலாளி செங்கோடன் மாட்டியதைக் கழற்றவும் முடியாது.

ஆயுத பூஜையன்று அவன் மனைவி மஞ்சுளா லாரிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு வந்தாள்.

"அந்தக் கேமராவுக்கும் ஒண்ணு வெய்யி. அதுவும் சாமிதான்," என்றான் காளியப்பன்.

பூஜைப் பொட்டைத் துடைக்க முதலாளிக்கே கை வராது என்பது அவன் கணக்கு. இவ்வளவு மூளையை வேறு எதிலாவது காட்டியிருக்கலாம். மஞ்சுளா கட்டைவிரலால் அதன் லென்ஸ் மேலேயே தடிமனாக வைத்துக் கும்பிட்டாள். கேமரா வாயடைத்துப் போயிற்று. பார்வை மறைந்துவிட்டது என்று காட்டும் மஞ்சள் விளக்கு மட்டும் அதன் ஓரத்தில் எரிந்தது. அவன் சட்டை செய்யவில்லை.

மறுவாரம் கோழிப்பண்ணைக்கு மக்காச்சோளம் ஏற்றிக்கொண்டு வாழப்பாடியைத் தாண்டும்போது ஒரு புரோட்டாக் கடைப் பலகையைப் பார்த்தான். முன்னால் மொபெட்டில் போன கண்ணுசாமி என்பவர் திரும்புவதற்காக வேகத்தைக் குறைத்திருந்தார். பிரேக் அடிக்கையில் நேரம் கடந்துவிட்டது. லாரி இடித்ததில் கண்ணுசாமிக்கு உயிர் தப்பியது, கால் முறிந்தது.

"லென்ஸ்ல சந்தனம் காஞ்சு போயிருக்குதுங்க. அதுக்குக் கண்ணே தெரியல," என்றார் வண்டியைப் பார்த்த மெக்கானிக்.

பட்டறைக்குக் கூட வந்திருந்த மஞ்சுளா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். "நான் வெச்சதுங்க."

"தெரியாம வெச்சது, உடு அம்மிணி," என்று தேற்றினார் செங்கோடன்.

"அழுவாத," என்றான் காளியப்பனும். வைக்கச் சொன்னது தான்தான் என்பதை விழுங்கிக்கொண்டான். அந்த ஒரு சொல்லுக்கே அவனை நாலு சாத்துச் சாத்தலாம்.

ஆஸ்பத்திரியில் மஞ்சுளா கண்ணுசாமியின் கட்டிலைத் தொட்டுக் கும்பிட்டாள். "எம்பட தப்புங்க. பக்தியில வெச்சுப்போட்டேன்."

"நீ என்ன வேணும்னா செஞ்ச? அழாதம்மா," என்றார் அவர்.

அதற்கு மேல் காளியப்பனால் அங்கே நிற்க முடியவில்லை. தரையைப் பார்த்தபடி சொன்னான். "அவளுக்கு ஒண்ணுந் தெரியாதுங்க. அது கத்தக் கூடாதுன்னு நாந்தான் வெக்கச் சொன்னேன்."

கண்ணுசாமி தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார். "கத்தினா கத்திட்டுப் போவுதுன்னு இருந்திருக்கக் கூடாதாய்யா?"

வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது. மஞ்சுளாவின் அழுகை நின்றிருந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவன் பக்கம் திரும்பாமலே, கட்டிலோரம் இருந்த கண்ணுசாமியின் மனைவிக்கு அருகில் போய் உட்கார்ந்தாள்.