தலைகீழாய் நின்ற குறி

வரைபடத்தில் நீள ராடுக்கு அறுபது எம்.எம்.; பக்கத்தில் கூட்டல் மேலே, கழித்தல் கீழே, புள்ளி இரண்டு; அவ்வளவு கூடலாம், குறையலாம். குட்டை ராடுக்கு நாற்பது. அங்கே கழித்தல் மேலே, கூட்டல் கீழே. வரைந்தவன் தூக்கக் கலக்கத்தில் திருப்பிப் போட்டுவிட்டான் என்று நினைத்தாள் தரம் பார்க்கும் பெண். சிவப்புப் பேனாவால் நேராக்கினாள். வீட்டிலேயே முதல் பட்டதாரி. தப்பைக் கண்டால் கை சும்மா இருக்காது.

லேத்தில் ராடு கடையும் டர்னர், நீளம் ஒன்று குட்டை ஒன்றாக, ஒவ்வொரு ஜோடியையும் நூலால் கட்டி அனுப்பியிருந்தார். அளக்க இடைஞ்சல். நாற்பது ஜோடியின் நூலையும் அறுத்து நீளம் ஒரு தட்டு, குட்டை ஒரு தட்டு என்று பிரித்தாள். எல்லாம் புள்ளி இரண்டுக்குள். தேறியது என்று பச்சைச் சீட்டு ஒட்டினாள்.

மறுநாள் சூப்பர்வைசர் தட்டுகளைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்தார்.

"ரெண்டு ராடையும் தலையோட தலை வச்சா பதினேழு ஜோடி குழாய்க்குள்ள அடங்கல. சிலது உள்ள போய் லொடலொடங்குது. சாயங்காலத்துக்குள்ள காரணம் சொல்லும்மா. இல்லன்னா உன் வேலைய நிரந்தரமாக்குற கடிதத்துல கையெழுத்துப் போடமாட்டேன்."

மறுபடி அளந்தாள். தனித்தனியே எல்லாம் சரி, சேர்த்தால் தப்பு. லேத்துக்கு ஓடினாள்.

"என்னண்ணே வெட்டி வச்சிருக்கீங்க?"

"சொன்ன அளவுதான். நீதான் கணக்குப்புலியாச்சே, நீயே சொல்லு."

"நூல் எதுக்கு?"

"பின்ன? ஓடிப்போயிடும்னா கட்டினேன்? ரெண்டும் சேந்து நூறு வரணும்னாங்க. ஒட்டவச்சுப் பாத்துத் தேச்சேன். அந்தக் குறியெல்லாம் எனக்குத் தெரியாது."

நூறு. அப்படியானால் நீளம் புள்ளி ஒன்று கூடினால் குட்டை அதே புள்ளி ஒன்று குறைய வேண்டும். மேல் குறிக்கு மேல் குறி, கீழ்க் குறிக்குக் கீழ்க் குறி. இது கூடினால் அது குறையும், இஷ்டத்துக்கு இல்லை. பதினாறு வருஷப் படிப்பில் ஒருத்தராவது இதைச் சொல்லித் தொலைத்தாரா?

வெர்னியர் அளவுகோலால் அளந்து, ஜோடி தேடி, நூறு வந்ததும் நூல் கட்டினாள். நாற்பது ஜோடியும் குழாய்க்குள் வழுக்கிக்கொண்டு போயின.

சூப்பர்வைசர் வரைபடத்திலிருந்த சிவப்பு மையைத் தொட்டார். "யாரு திருத்தினது?"

"நான்தான் சார். நூலை அறுத்ததும் நான்தான்."

அவர் தாளை அப்படியும் இப்படியும் திருப்பினார். "நானும் அச்சுப்பிழைன்னுதான் நெனச்சேன்."

"அப்புறம் என் கடிதம் மட்டும் ஏன் சார் நிக்குது?"

அவர் கடிதத்தை எடுத்தார். பேனா மூடியைக் கழற்றினார்.