வளையத்துக்கு வெளியே

அந்த அட்டையிலிருந்த முட்டைகளில் முக்கால்வாசி செத்துப்போயிருந்தன. ஹேரிம் விளக்கை அணைத்துவிட்டு, ஒவ்வொன்றாக எடுத்து அடியில் டார்ச்சைப் பிடித்துப் பார்த்தாள். உயிருள்ள முட்டை வெளிச்சத்தில் மாதுளைச் சாறு போலச் சிவந்து தெரியும், நடுவில் கறுப்பாக ஒன்று துள்ளும். இவற்றில் பெரும்பாலானவை துள்ளவில்லை. மருந்தில்லாமல் வெறும் உப்புநீர் விட்டிருந்த பக்கத்து அட்டையில் ஒன்றிரண்டைத் தவிர எல்லாம் நன்றாகவே துள்ளிக்கொண்டிருந்தன.

"இந்தத் தடவையும் அப்படித்தானா?" என்றாள் நாரே. இருவரும் ஒரே வருடம் ஆய்வுக்குச் சேர்ந்தவர்கள். ஒரே மேசையில் உட்காருபவர்கள்.

"அப்படித்தான். இது ரத்தக்குழாய அடக்குற மருந்து இல்ல நாரே. குஞ்சக் கொல்லுற மருந்து."

"மெதுவாப் பேசு. சுவருக்கு அந்தப்பக்கம் யாரு உக்காந்திருக்காருன்னு தெரியும்ல?"

தெரியும். பேராசிரியர் தோ. சர்க்கரை நோயாளிகளின் கண்ணுக்குள் வேண்டாத ரத்தக்குழாய்கள் முளைத்து, கசிந்து, பார்வையைக் கெடுத்துவிடுமே, அவற்றை வாடவைக்கும் மருந்தைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருப்பவர். அந்த மருந்தை முட்டையில் சோதிப்பதுதான் ஹேரிமின் வேலை. கருவுற்ற முட்டையின் ஓட்டில் ஜன்னல் போலச் சின்னதாக வெட்டினால், உள்ளே மெல்லிய சவ்வு ஒன்று இருக்கும். குஞ்சு மூச்சு விடுவது அதன் வழியாகத்தான். வேர்கள் மாதிரி அதில் ரத்தக்குழாய்கள் ஓடும். சவ்வின் மேல் ரப்பர் வளையம் ஒன்றை வைத்து, அதற்குள் மருந்தைச் சொட்டி, ஜன்னலை டேப்பால் மூடி, அடைகாக்கும் பெட்டியின் சூட்டில் திரும்ப வைத்துவிட வேண்டும். பிறகு திறந்து பார்க்கையில் வளையத்துக்குள் குழாய்கள் வாடியிருந்தால் மருந்து வேலை செய்கிறது என்று பொருள்.

ஆனால் குஞ்சு செத்துவிட்டாலும் குழாய்கள் வாடத்தான் செய்யும். ரத்தத்தைத் தள்ள உள்ளே ஒன்றும் இல்லையே. அதனால் செத்த முட்டையைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. இதை ஹேரிமுக்கு முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுத்தவர் இதே பேராசிரியர்தான்.

முட்டைகளின் ஜன்னல் வழியே எடுத்த படங்களோடு அவள் அவர் அறைக்குப் போனாள். அவர் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அருமையா வாடியிருக்கு. வளையத்துக்கு உள்ள இருக்குறத மட்டும் வெட்டிக் குடு. வெள்ளிக்கிழமை மருந்துக் கம்பெனிக்காரங்க வர்றாங்க."

"குஞ்சு செத்ததால வாடியிருக்கு சார்."

"வளையத்துக்குள்ள குஞ்சு இருக்கா?"

"இல்ல சார்."

"அப்ப நம்ம கேள்வியில குஞ்சு கிடையாது." அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "இங்க பாரு ஹேரிம். எலியா இருந்தா, எத்தனை செத்துச்சு, ஏன் செத்துச்சுன்னு நெறிமுறைக் குழு உக்காந்து கேக்கும். முட்டைய யாரு கேக்குறா? சட்டப்படி அது மிருகமே இல்ல. நீ ஆம்லெட் போட்டாக்கூட ஒரு பய கேக்க மாட்டான்."

தன் பேச்சுக்குத் தானே சிரித்தார். ஹேரிம் சிரிக்கவில்லை. அவள் அசையாமல் நிற்பதைப் பார்த்து அவர் குரலைத் தணித்தார்.

"உங்க அப்பாவ நெனச்சுப் பாரு. ஆளுங்கள வெச்சுச் சோதிக்கும்போது முதல் பேரு அவரோடதுதான். சூசோக் பண்டிகைக்கு ஆப்பிள் பெட்டி அனுப்பியிருந்தாரே, நன்றி சொல்லக் கூப்பிட்டப்பவே சொல்லிட்டேன். குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டாரு."

ஹேரிமிடம் இதை யாரும் சொல்லியிருக்கவில்லை.

வராந்தாவுக்கு வந்ததும் அப்பாவைக் கூப்பிட்டாள். ப்யோன் கீதே, யோங்சோனில் ஆப்பிள் தோட்டம் வைத்திருப்பவர். சர்க்கரை அவருடைய இடது கண்ணை எப்போதோ தின்றுவிட்டது. வலது கண்ணுக்கு மாதாமாதம் தேகு நகரத்து ஆஸ்பத்திரிக்கு வந்து ஊசி போட்டுக்கொள்கிறார், அல்லது போட்டுக்கொள்கிறார் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"ஊசியா? அத நிறுத்திட்டேனே" என்றார், தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுவதை நிறுத்தியது போல.

"நிறுத்திட்டீங்களா? எப்போ?"

"சூசோக்குக்கு அப்புறந்தான். உங்க சார் சொன்னாரு, சோதனையில சேரணும்னா அதுக்கு முன்ன கண்ணுல வேற மருந்து இருக்கக் கூடாதாம். ஆஸ்பத்திரியிலருந்து கூப்பிட்டாங்க. நான் எடுக்கல."

"அந்தச் சோதனை எப்ப வரும்னு யாருக்குமே தெரியாதுப்பா! இன்னும் முயலுக்கே போடல. அதுக்குள்ள உங்க கண்ணு..."

"கண்ணெல்லாம் நல்லாத்தான் இருக்கு. மரத்துல பழம் தெரியுது."

"காம்பு தெரியுதா?"

"காம்ப எதுக்குப் பாக்கணும்? கை வெச்சாத் தெரியாதா? நாப்பது வருஷமா பறிக்குறேன்."

"அப்பா, சொல்றதக் கேளுங்க. அந்த மருந்து சரியில்ல. முட்டைங்க சாகுது."

"ஆராய்ச்சின்னா நாலு முட்டை ஒடையத்தான் செய்யும். பெரிய மனுஷன் அவரே பயப்படல, நீ பயப்படுற. உனக்கு எப்பவுமே இந்தப் புத்திதான், எதையும் பாதியில விட்டுட்டு வர்றது. பியானோ விட்ட. நீச்சல் விட்ட. இப்ப இதையும் விடப் பாக்குற."

"நாளைக்கே ஊசிக்கு வாங்க."

"என் மக செஞ்ச மருந்து வர்றப்ப, எவனோ செஞ்சத நான் எதுக்குக் குத்திக்கணும்? போடி. வெள்ளிக்கிழமை அங்க படையல் இருக்காமே, சார் கூப்பிட்டிருக்காரு. ஆப்பிள் கொண்டு வர்றேன். நல்ல துணி போட்டுட்டு நில்லு."

வைத்துவிட்டார். ஹேரிம் சுவரை ஓங்கி உதைத்தாள். வலித்தது காலுக்குத்தான்.

அன்றைக்கு அவள் படங்களை வெட்டிக் கொடுக்கவில்லை. பேராசிரியரே வெட்டிக்கொண்டார். அதற்கென்ன, இரண்டு நிமிட வேலை.

வருடத்துக்கு ஒருமுறை, செவ்வந்தி பூக்கும் காலத்தில், சோதனைக்கூடத்தில் செத்த மிருகங்களுக்கு ஹேரிம் படிக்கும் பல்கலைக்கழகம் படையல் போடும். விலங்குக் கூடத்தின் பின்னால் அதற்காகவே நடுகல் ஒன்று நட்டு வைத்திருக்கிறார்கள். எலி, முயல், நாய், பன்றி, குரங்கு என்று வரிசையாகப் பொறித்திருக்கும். வெள்ளைத் துணி விரித்த மேசையில் முயல்களுக்குக் கேரட், எலிகளுக்குத் தீனியும் சீஸும், எல்லோருக்குமாகப் பழங்கள், அரிசி மது. கறுப்பு உடையில் வந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக வெள்ளைச் செவ்வந்தியை வைத்துத் தலை குனிவார்கள்.

வெள்ளிக்கிழமை அப்பாவும் வந்திருந்தார். கல்யாணங்களுக்கு மட்டும் எடுக்கும் கோட்டு. நெஞ்சோடு அணைத்த பெட்டியில், துடைத்துத் துடைத்து மினுங்கவைத்த ஆப்பிள்கள். பேராசிரியர் தோ அவருடைய முழங்கையைப் பிடித்து, கம்பெனியிலிருந்து வந்த ஓக் அம்மாளிடம் அழைத்துப் போனார். அடுத்த கட்டத்துக்கு மருந்து போகுமா போகாதா என்று முடிவு சொல்ல வேண்டியவர் அந்த அம்மாள்.

"இவருதாங்க நம்ம முதல் ஆளு" என்றார் பேராசிரியர். "நம்ம ஹேரிமோட அப்பா. மருந்துக்காகக் காத்துக்கிட்டிருக்காரு."

அப்பா இடுப்பு வரை குனிந்தார். அந்த அம்மாள் நின்ற பக்கம் அல்ல, கொஞ்சம் தள்ளி, அங்கே நின்ற பைன் மரத்தைப் பார்த்துக் குனிந்தார்.

அதைப் பார்த்ததும் ஹேரிமுக்குள் அத்தனை நாள் கட்டுப்போட்டு வைத்திருந்தது அறுந்துபோனது. விடுவிடுவென்று சோதனைக்கூடத்துக்குள் போனாள்.

"எங்க போற?" என்று நாரே பின்னாலேயே ஓடிவந்தாள். குளிர்பெட்டியிலிருந்து ஹேரிம் எடுத்ததைப் பார்த்ததும் அவள் முகம் வெளிறிவிட்டது. "வேண்டாம்டி. பட்டம் வாங்கிட்டு எது வேணா செய். இப்ப வேண்டாம்."

"பட்டம் வாங்குறதுக்குள்ள எங்கப்பாவுக்குக் கண்ணு இருக்காது. தள்ளு."

செத்த முட்டைகளைத் தனியே அடுக்கி வைத்திருந்த அட்டையைக் கொண்டுவந்து கேரட்டுக்கும் சீஸுக்கும் நடுவே வைத்தாள். வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பேராசிரியர் உதடு அசையாமல் பேசினார்.

"என்ன இது?"

"செத்ததுங்களுக்குத்தானே சார் படையல்? இதுங்களும் செத்ததுதான்."

"முட்டை இந்தக் கல்லுல இல்ல. முட்டை மிருகமில்லன்னு உனக்குத் தெரியும்."

"மிருகமில்லன்னா செத்தது எது சார்? ஒரு முட்டைக்குள்ளகூட உயிர் இல்லாமப் போச்சே, அது எது?"

"எடுத்துட்டுப் போ."

"எந்த மருந்துக்கு வெச்ச முட்டைங்க இது?" என்று கேட்டார் ஓக் அம்மாள். அவர் கையில் இன்னும் பூ இருந்தது.

ஹேரிம் ஒரு முட்டையை எடுத்து டேப்பை உரித்தாள். "நீங்க முடிவு சொல்ல வந்திருக்குற மருந்துதாங்க. காலையில காட்டின படத்துல வளையத்துக்குள்ள இருக்குறதுதான் தெரிஞ்சிருக்கும். வளையத்துக்கு வெளிய இருக்குறத இப்பப் பாருங்க. மருந்து ஜெயிச்சு குழாய் வாடல. குஞ்சு செத்து குழாய் வாடிருச்சு. முக்கால்வாசி முட்டையும் இப்படித்தான்."

ஓக் அம்மாள் குனிந்து பார்த்தார். ஜன்னலுக்குள் சவ்வு காய்ந்த தேயிலை நிறத்தில் ஒட்டிக் கிடந்தது. அதன் கீழே சாம்பல் நிறக் குஞ்சு, உடம்புக்குப் பொருந்தாத பெரிய கண்ணோடு. அவர் நிமிர்ந்து பேராசிரியரைப் பார்த்தார்.

கத்தியது அப்பாதான்.

"ஹேரிம்! என்ன பேச்சு இது, பெரியவங்க முன்னால! எடு அத! என் மானத்த வாங்கத்தான் உன்னப் படிக்க வெச்சேனா?"

"மானமா?" ஹேரிம் அவரிடம் திரும்பினாள். முட்டையை அவர் உள்ளங்கையில் வைத்தாள். "நீங்களே பாருங்க. இதத்தான் கண்ணுல விட்டுக்கப் போறேன்னு ஊசிய நிறுத்திட்டு உக்காந்திருக்கீங்க. பாருங்கப்பா."

"எனக்கு இதெல்லாம் தெரியாது."

"தெரிய என்ன இருக்கு? கறுப்பா சிவப்பா? அத மட்டும் சொல்லுங்க."

அப்பா முட்டையை மூக்கு வரை கொண்டுபோனார். தலையை இடப்பக்கம் சாய்த்தார், வலப்பக்கம் சாய்த்தார்.

"கிட்டக் கொண்டுபோய்ப் பாருங்க!"

"தெரியலன்னு சொல்றேன்ல! கண்ணு தெரியலடி எனக்கு!"

சொன்னது அப்பாவுக்கே அப்போதுதான் காதில் விழுந்தது போலிருந்தது. முட்டையைப் பிடித்த கை அப்படியே நின்றது.

"ஊசிய யாரு நிறுத்தச் சொன்னாங்க?" என்றார் ஓக் அம்மாள்.

"யாரும் சொல்லலீங்க" என்றார் பேராசிரியர் அவசரமாக. "இந்த மாதிரிச் சோதனைக்கெல்லாம் என்ன விதிமுறைன்னு பொதுவாப் பேசிக்கிட்டிருந்தேன். ஐயா தப்பாப் புரிஞ்சுக்கிட்டாரு போல."

"பொதுவாவா?" அப்பா குரல் வந்த திசைக்குத் திரும்பினார். "உங்க பேருதான் முதல் பேருன்னு சொன்னீங்களே, அதுவும் பொதுவாத்தானா?"

"ஐயா, இங்க வேண்டாம்..."

"இப்ப, எல்லாருக்கும் நடுவுல, இவருதான் முதல் ஆளுன்னு சொன்னீங்களே? அதுவுமா?"

பேராசிரியர் நடுகல்லைப் பார்த்தார். அப்பா முட்டையை மேசைமேல் தடவி இடம் தேடி வைத்துவிட்டு, ஆப்பிள் பெட்டியை மறுபடியும் தூக்கிக்கொண்டார். "என் பழம் இந்தப் படையலுக்கு இல்ல" என்று சொல்லி நடக்கத் தொடங்கினார், வழி எது என்று தெரியாமல். ஹேரிம் ஓடிப்போய்ப் பெட்டியின் மறுமுனையைப் பிடித்தாள். அதற்கும் "விடு" என்றார். அவள் விடவில்லை.

கண் ஆஸ்பத்திரிக்குக் காரில் போகும் வழியில் அவளுடைய போனுக்கு இரண்டு செய்திகள் வந்தன. ஒன்று பேராசிரியரிடமிருந்து: நாளை வந்து பார்க்கவும். இன்னொன்று நாரேயிடமிருந்து: அட்டைய எடுக்கச் சொன்னாரு. நான் எடுக்கல. கம்பெனி அம்மா ஒவ்வொண்ணா உரிச்சுப் பாத்துக்கிட்டிருக்காங்க.

டாக்டர் பார்த்துவிட்டு, போன பார்வை முழுதும் திரும்பும் என்று சொல்வதற்கில்லை, இருப்பதைக் காப்பாற்றப் பார்ப்போம், இன்றைக்கே ஊசி போட்டுவிடலாம் என்றார். வெளியே உட்காரச் சொன்னார்கள். ஆப்பிள் பெட்டி இருவருக்கும் நடுவே ஒரு நாற்காலியில் இருந்தது.

"உன் மருந்து வரும்னு இருந்தேன்" என்றார் அப்பா, சுவரைப் பார்த்து.

"வராது."

"அத முதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேன். பியானோ விட்டவன்னு சொன்னீங்க."

"பியானோ விட்டது உண்மைதானே?"

"நாளைக்கு என்னை அந்த இடத்த விட்டே அனுப்பிருவாங்க. அதையும் சேத்துக்கோங்க. பியானோ, நீச்சல், இது."

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். உள்ளேயிருந்து நர்ஸ் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அவர் சட்டென்று எழுந்தார். ஹேரிம் நீட்டிய கையைத் தட்டிவிட்டு நாலடி நடந்தார், பூந்தொட்டியில் முட்டிக்கொண்டார், நின்றார்.

"எந்தப் பக்கம்?" என்றார் கோபமாக.

"வலப்பக்கம்" என்றாள் அவளும், அதே கோபத்தோடு. "மூணடி தள்ளிக் கதவு. படி இல்ல."