காத்துவரத்து

கீழே ஆலங்காயத்தில் அதிர்ஷ்டம் என்பார்கள். மலைமேல் எங்களுக்கு அது ‘காத்துவரத்து’. உலுக்கி விழுந்த புளி, மரத்துக்காரருக்கு; காற்று உதிர்த்தது, விழுந்த நிலத்துக்காரருக்கு. அதைத்தான் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தோம். அந்தச் சொல் புளியைத் தாண்டிப் போனது வேடியப்பனால்.

போன மாசியில் அவன் தன் மரத்தில் ஏறிக் கிளையை உலுக்கிக்கொண்டிருந்தான். ஒரு காற்று அடித்தது. பக்கத்து நிலத்து வைக்கோல் போரில் வந்து விழுந்தான். அடி ஒன்றும் இல்லை. வரப்பைத் தாண்டப் போனவனின் லுங்கியைப் பிடித்துக்கொண்டாள் நிலத்துக்காரி கெங்கம்மாள்.

“எங்க கெளம்பிட்ட? காத்து தள்ளுனது என் நெலத்துல இல்ல வுழுந்துச்சு?”

“நான் இன்னா புளியாக்கா?”

“புளின்னா கொழம்புக்காவது ஆவும்.”

ஊர்க்கவுண்டர் வந்து ஒரே கேள்விதான் கேட்டார். “நீயா வழுக்குனியா, காத்து தள்ளுச்சா?”

வழுக்கினேன் என்றால் வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் மலையிலேயே மரமேறுவதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று சொல்லித் திரிந்தவன். “நான் வழுக்கற ஆளாங்க? காத்துதாங்க!”

அவன் கெங்கம்மாளுக்கு என்று தீர்ப்பாகிவிட்டது. அவன் மனைவி ஜெயம்மாளைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். அவள் புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள். “வழக்கத்த மாத்த நான் யாருங்க?” என்று திரும்பி நடந்தாள். அன்று அவள் வீட்டில் கறிக்குழம்பு மணந்தது.

கெங்கம்மாள் அவனைப் புளி கொட்டை எடுக்க உட்கார வைத்தாள். எடுத்ததைவிடத் தின்றது அதிகம். சோற்றுக்கு உப்பில்லை என்று குறை வேறு. பங்குனி பிறப்பதற்குள் அவள் வரப்பில் வந்து நின்றாள்.

“ஜெயம்மா, உன் வூட்டுக்காரர இட்டுனு போயிடு.”

“காத்து குடுத்தத கையால வாங்கக் கூடாதுங்க அண்ணி. காத்தே கொண்டாரட்டும்.”

அதனால் இப்போது வேடியப்பன் அதே மரத்தின் மேலேயே இருக்கிறான், தன் வீட்டுப் பக்கக் கிளையில். கைப்பேசியில் புயல் செய்தி பார்க்கிறான். அருகே எங்கும் புயல் இல்லை. “வழுக்கிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லித் தொலையேன், நானும் பொழச்சுக்கறேன்” என்று கெங்கம்மாள் கீழிருந்து கெஞ்சுகிறாள். அவன் இன்னும் ஒரு கிளை மேலே ஏறிக்கொள்கிறான்.

ஜெயம்மாள் காலையில் வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்க்கிறாள். ஓர் இலைகூட அசையவில்லை.

“இன்னைக்கும் காத்துவரத்துதான்” என்று உள்ளே போய்க் கால் நீட்டி உட்கார்ந்துகொள்கிறாள்.