மேலே எத்தனை பேர்

"மேல எத்தனை பேருங்க?" என்று நான் கேட்டதும் போனின் அந்தப் பக்கம் கொஞ்சநேரம் எண்ணிப் பார்த்தார்கள். மண்ணச்சநல்லூரில் ரைஸ்மில் வைத்திருப்பவர், பேரனுக்குக் காதுகுத்து. "நம்ம பெரியப்பாவ சேக்கணுமா?" என்று அவர் மனைவியிடம் கேட்பது எனக்குக் கேட்டது. "அவரச் சேத்தா பெரியம்மாவையும் சேக்கணும், அப்புறம் பேசிக்கலாம்னு விடாதீங்க" என்றது அந்த அம்மாவின் குரல். கடைசியில் "அஞ்சு பேரும்மா" என்றார். நோட்டில் மேலே ஐந்து என்று எழுதிக்கொண்டேன்.

ஃப்ளெக்ஸ் கடையில் முதல் கேள்வி இதுதான். அளவு, நிறம், வாசகம் எல்லாம் அதற்குப் பிறகு. மேலே என்றால் இறந்துபோனவர்கள். பேனரின் மேல் விளிம்பில் வட்டத்துக்குள் முகம், அதன் அடியில் சின்னதாக ஒரு விளக்கு. கிறிஸ்தவக் குடும்பம் என்றால் மெழுகுவர்த்தி. கீழே கைகூப்பி நிற்பவர்கள் எல்லாம் உயிரோடு இருப்பவர்கள். இதைக் கேட்காமல் வேலையைத் தொடங்கினால் கடைசி நேரத்தில் ஒரு தாத்தா வந்து நுழைந்து மொத்த டிசைனையும் கலைத்துவிடுவார் என்பது கடை முதலாளி சித்தார்த்தன் சாரின் அனுபவம். "செத்தவங்கதாம்மா ரொம்ப எடம் கேப்பாங்க" என்பார். கடை இருப்பது ஸ்ரீரங்கத்தில், ராஜகோபுரத்துக்குக் கொஞ்சம் தள்ளி. அதனால் பெருமாள் படத்துக்கு மேலே மனுஷா தலை வரப்படாது என்று நின்று பார்த்து அடிக்கச் சொல்பவர்களும் வருவார்கள். அவர்களுக்கு மேலே பெருமாள் மட்டும்தான், வேலை சுலபம்.

நான் அங்கே சம்பளத்துக்கு இருக்கவில்லை. திருச்சியில் ஒரு சமுதாயக் கல்லூரியில் கிராஃபிக் டிசைன் டிப்ளமோ படிக்கிறேன், முப்பத்தேழு வயதில். ஆறு மாதம் வகுப்பு, இரண்டு மாதம் ஏதாவது கடையில் பயிற்சி. வகுப்பில் மற்றவர்கள் எல்லாம் பிளஸ் டூ முடித்த பிள்ளைகள். முதல் நாள் என்னை யாருக்கோ அம்மா என்று நினைத்து வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். பாடம் நடத்தும் சுபஸ்ரீ மிஸ் என்னைவிடப் பத்து வயது சின்னவர். வகுப்பில் நான் அவரை மிஸ் என்பேன், பஸ்ஸில் பார்த்தால் அவர் என்னை அக்கா என்பார். "கண்ணு முதல்ல எங்க போகணும்னு முடிவு பண்ணுங்க. முடிவு பண்ணலன்னா அது டிசைன் இல்ல, வெறும் கூட்டம்" என்று அவர் சொல்லாத நாள் கிடையாது. நான் எதையும் முடிவு பண்ணாமலே ஆறு வருஷத்தை ஓட்டியவள் என்பது அவருக்குத் தெரியாது.

கடைசி ப்ராஜெக்ட்டுக்கு நிஜமான ஒரு வேலையை முதலிலிருந்து முடிவு வரை செய்ய வேண்டும். அச்சுக்குப் போகும் முன் ப்ரூஃபில் கிளையன்ட்டிடம் கையெழுத்து வாங்க வேண்டும். என் மகள் டெல்பினுக்கு அடுத்த ஞாயிறு புதுநன்மை, முதல் தடவையாக நற்கருணை வாங்கும் நாள். பூசை முடிந்து பங்கு மண்டபத்தில் சாப்பாடு, வாசலில் ஆறுக்கு நாலு பேனர். அதையே ப்ராஜெக்ட்டாக எடுத்துக்கொண்டேன். பேனர் வேண்டும் என்று சொன்னது என் மாமியார் பாக்கியமேரி, அதனால் கிளையன்ட் அவர்தான். ஊரார் எல்லாரிடமும் கூசாமல் கேட்கிற கேள்வியை அவரிடம் மட்டும் பத்து நாளாகக் கேட்க முடியாமல் வைத்திருந்தேன். மேலே என் மாமனார் சவரிமுத்து இருக்கிறார், அதில் சந்தேகம் இல்லை. என் வீட்டுக்காரர் பெஞ்சமின் மேலேயா கீழேயா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

ஓசூரில் ஏசி மாட்டும் வேலை, பதினைந்து நாள் என்று சொல்லிவிட்டு ஆறு வருஷத்துக்கு முன்னால் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறினார். வழியில் ஒரு போன் வந்தது. அதோடு சரி. அப்போது டெல்பினுக்கு நாலு வயது. போலீஸில் எழுதிக் கொடுத்தோம். தெரிந்த இடமெல்லாம் விசாரித்தோம். ஒரு வாரம் கழித்து நான் அலமாரியைப் பார்த்தபோது நகவெட்டியைக் காணோம். பதினைந்து நாள் வேலைக்குப் போகிறவர் நகவெட்டியை எடுத்துப்போக மாட்டார், சாகப்போகிறவரும் எடுத்துப்போக மாட்டார். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. கடையில் புதிதாக ஒன்று வாங்கி அதே இடத்தில் வைத்தேன்.

ஆனாலும் போன இடத்தில் ஏதாவது ஆகியிருக்கலாம் அல்லவா? அடையாளம் தெரியாத ஆளின் உடம்பைப் பார்க்க இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டார்கள். இரண்டு தடவையும் அவர் இல்லை. முதல் தடவை வெளியே வந்து அழுதேன். இரண்டாவது தடவை வெளியே வந்தபோது எனக்கு வந்தது நிம்மதி இல்லை, ஏமாற்றம். அப்படி நினைத்ததற்காக என்மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனால் உண்மை அதுதான். செத்தவர் பெண்டாட்டிக்கு ஊரில் ஒரு மரியாதை இருக்கிறது, துக்கம் விசாரிப்பார்கள், நாற்காலி போடுவார்கள். போனவர் பெண்டாட்டியைப் பார்த்தால் இவள் என்ன பண்ணினாளோ என்றுதான் பார்ப்பார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து இருந்த துணியை எல்லாம் ஊறப்போட்டுத் துவைத்தேன்.

என் மாமியார் அதற்கெல்லாம் மசியவில்லை. கல்லறைத் திருநாளுக்கு ஆன்மாக்கள் பட்டியலில் மாமனார் பெயரை எழுதுவார், மகன் பெயரை எழுதவிட மாட்டார். செவ்வாய்க்கிழமை தவறாமல் அந்தோணியார் கோயிலுக்குப் போவார். தொலைந்ததைத் தேடிக் கொடுப்பவர் அந்தோணியார். எங்கள் வீட்டில் கம்மல் திருகாணி விழுந்தால்கூட அவரிடம் சொல்லிவிட்டுத்தான் தேடுவோம். மாமியார் முன்பெல்லாம் பத்து மணிக்குத் திரும்பிவிடுவார். ஒன்றிரண்டு வருஷமாக உச்சிவேளை ஆகிறது. முழங்கால் வலி என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு வீட்டுக்காரரை மேலே போட வேண்டும்போல இருந்தது. கடையில் யாரும் இல்லாதபோது மாதிரிக்கு ஒரு வட்டம் போட்டு அடியில் மெழுகுவர்த்தி வைத்துப் பார்த்தேன். முகம் இல்லாமலே அது பாந்தமாக இருந்தது. டெல்பின் அப்பாவைப் பற்றிக் கேட்டு இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவளும் ஒரு முடிவுக்கு வந்திருப்பாள், இனி வீட்டில் எல்லாருமே அதே முடிவுக்கு வந்துவிட்டால் தேவலை என்று நினைத்தேன்.

கல்யாண ஆல்பம் போன மழையில் நனைந்து ஒட்டிக்கொண்டு போயிருந்தது. "அவரு போட்டோ ஒண்ணும் நல்லதா இல்லையே அத்தை" என்று மட்டும் சொன்னேன். மறுநாள் காலையில் கிளம்பும்போது ஜெபப் புத்தகத்தின் உறைக்குள்ளிருந்து ஒரு பாஸ்போர்ட் சைஸ் படத்தை எடுத்துக் கொடுத்தார். "இத வச்சுக்க. காத நறுக்கிடாம பாத்து வெட்டு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நானும் பர்ஸுக்குள் வைத்துக்கொண்டு ஸ்ரீரங்கம் போகும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸைப் பிடித்தேன்.

இப்போதெல்லாம் படத்தின் பின்னணியை ஒரே அழுத்தில் நீக்கிவிடலாம். ஆனால் அது காதைத் தின்றுவிடும், தலையில் வைத்த பூவைத் தின்றுவிடும். அதனால் ப்ராஜெக்ட்டுக்குப் பென் டூலில்தான் வெட்ட வேண்டும் என்பது சுபஸ்ரீ மிஸ்ஸின் உத்தரவு. முகத்தின் ஓரமாகவே புள்ளி வைத்துப் புள்ளி வைத்து ஒரு சுற்று வந்து சேர வேண்டும். படத்தை ஸ்கேன் செய்து நாலு மடங்கு பெரிதாக்கினேன். பன்னிரண்டு வருஷம் முன்னால் கல்யாணத்தன்றுகூட அந்த முகத்தை அவ்வளவு பக்கத்தில் அவ்வளவு நேரம் நான் பார்த்ததில்லை. தாடையில் தொடங்கி இடது காதைச் சுற்றி மேலே ஏறினேன். காதோரம் நரை. வெளிச்சம் பட்டிருக்கும் என்று நினைத்தேன். வலது பக்கமும் நரை இருந்தது. ஸ்டுடியோக்காரர் கன்னத்தை எல்லாம் வழவழவென்று ஆக்கியிருந்தார், ஆனால் மூக்கின் இரண்டு பக்கமும் அவரைக்கொட்டை அளவுக்கு இரண்டு பள்ளத்தை விட்டிருந்தார். மூக்குக்கண்ணாடி அழுத்திய தடம். என் வீட்டுக்காரர் கண்ணாடி போட்டதே கிடையாது.

மவுஸை விட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டேன். அது ஆறு வருஷத்துக்கு முந்திய முகம் இல்லை. போன வருஷமோ இந்த வருஷமோ, ஏதோ ஓர் ஊரில் தலைவாரிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்து எடுத்துக்கொண்ட படம். சித்தார்த்தன் சார் எட்டிப் பார்த்து, "என்னம்மா, இவரு மேலயா கீழயா?" என்றார். "கேட்டுட்டுச் சொல்றேன் சார்" என்றேன். மிச்சத்தையும் வெட்டி முடித்தேன், காதுகளை நறுக்காமல். மாமனாருக்குப் பக்கத்து வட்டத்தில் வைத்து, மெழுகுவர்த்தியோடு ஏ ஃபோரில் ஒரு ப்ரூஃப் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். காவிரிப் பாலத்தில் பஸ் அரைமணி நேரம் நின்றது. இறங்கி நடந்துவிடலாமா என்றிருந்தது.

வீட்டில் மாமியார் டெல்பினின் வெள்ளைக் கவுனுக்கு முத்து தைத்துக்கொண்டிருந்தார். ப்ரூஃபை அவர் முன்னால் விரித்துவைத்தேன். மேலே பார்த்தார், மகனைப் பார்த்தார், மெழுகுவர்த்தியைப் பார்த்தார். அடுத்த முத்தைக் கோத்தார். அவர் கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"இந்த போட்டோ எப்ப எடுத்தது அத்தை?"

"பழசுதான்."

"மூக்குல கண்ணாடித் தடம் இருக்கு."

ஊசி துணியிலேயே நின்றது. "பக்கத்துல இருக்கிறது தெரிய மாட்டேங்குதுன்னான்" என்றார். "நாப்பது ஆச்சுல்ல அவனுக்கு."

அம்மாவும் மகனும் இரண்டு வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அந்தோணியார் கோயில் வாசலில் மெழுகுவர்த்தி விற்கும் அம்மாவின் போனுக்கு, செவ்வாய்க்கிழமைகளில் என்றைக்காவது கூப்பிடுவாராம். அதற்காகத்தான் மாமியார் உச்சிவேளை வரை உட்கார்ந்திருந்திருக்கிறார். முகத்தையாவது காட்டு என்று கேட்டதற்கு மெழுகுவர்த்தி அம்மாவின் வீட்டு விலாசத்துக்கு மகன் படத்தை அனுப்பியிருக்கிறார். எந்த ஊர் என்று நான் கேட்டேன். "நான் கேக்கல. கேட்டா போன் பண்ண மாட்டான்" என்றார்.

"எங்களக் கேட்டாரா?"

"புள்ள எத்தனாவது படிக்குதுன்னு கேட்டான்."

"என்னைய?"

அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். அதுதான் பதில். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கவுனைப் பிடுங்கிக் கிழித்திருப்பேன். ஆறு வருஷம் ஒரே அடுப்பில் சோறு, ஒரே அறையில் படுக்கை, காய்ச்சல் என்றால் ஒருவருக்கொருவர் கஞ்சி. அதில் இரண்டு வருஷம் இதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு என் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். படத்தைத் தெரியாமல் கொடுத்தாரா, இனி தாங்காது என்று தெரிந்தே கொடுத்தாரா, எனக்கு இன்றுவரை தெரியாது. அடுப்பில் பால் பொங்கப்போனது. எழுந்துபோய் இறக்கிவைத்துவிட்டு வந்தேன்.

வந்தபோது அவர் ப்ரூஃபின் மூலையில் கையெழுத்துப் போட்டிருந்தார். பாக்கியமேரி என்று முழுதாக, கோணலாக. "மேலயே இருக்கட்டும். நீ சாங்கியத்த முடிச்சுக்க. நான் யார்கிட்டயும் எதுவும் சொல்லமாட்டேன்" என்றார். தலை நிமிரவில்லை. உயிரோடு இருக்கிற பிள்ளையைச் செத்தவர்களோடு சேர்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார், எனக்காக. கேட்க நினைத்தது கேட்காமலே கிடைத்துவிட்டது. நாளைக்குக் காலையில் அச்சுக்குக் கொடுத்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை ஊரே பார்க்கும், மறுபடி ஒருவரும் என்னிடம் எதுவும் கேட்க மாட்டார்கள். அந்தத் தாளை மடிக்கலாம் என்று கையை நீட்டினேன்.

அப்போது டெல்பின் ஞானோபதேச வகுப்பு முடிந்து வந்தாள். செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் பென்சில் பெட்டியோடு மேஜைக்கு வந்து நின்றாள். சனிக்கிழமை அவர்களுக்கு முதல் பாவசங்கீர்த்தனம், சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும். செய்த பாவங்களை மறந்துவிடாமல் இருக்க ஒரு சீட்டில் எழுதிக்கொள்ளும்படி சிஸ்டர் சொல்லியிருக்கிறார்.

"யாரும் படிக்கக் கூடாதுன்னாங்க. நீ படிக்காத. ஒரு டவுட்டு மட்டும் கேக்கறேன்" என்றாள். "நெசத்தச் சொன்னா அது பொய் கிடையாதுல்ல?"

"கிடையாது."

"மூணாவது படிக்கும்போது ஸ்கூல்ல எங்க அப்பா செத்துட்டாருன்னு சொல்லிட்டேன். எல்லாரும் கேட்டுக்கிட்டே இருந்தாங்கம்மா, அதான். அத நாலாவதா எழுதியிருக்கேன்." அவள் கண் ப்ரூஃபின் மேல் போனது. முதலில் அவளுடைய பெரிய படத்துக்கு, அங்கிருந்து மேலே. சுபஸ்ரீ மிஸ் பார்த்திருந்தால் கண் சரியான வழியில்தான் போகிறது என்று மார்க் போட்டிருப்பார். "ஓ, மேலதான் போட்டிருக்கீங்க" என்றாள். அதிர்ச்சி எதுவும் இல்லை, பரீட்சையில் விடை சரியாக இருந்த மாதிரி ஒரு நிம்மதி மட்டும். பெட்டியைத் திறந்து ரப்பரை எடுத்தாள். "அப்ப நாலாவத அழிச்சிரலாம்ல?"

மாமியார் கவுனை மடியில் விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். வேண்டாம் என்றும் இல்லை, வேண்டும் என்றும் இல்லை. இரண்டு வருஷமாக இவள் ஏன் கேட்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவள் எந்த முடிவுக்கும் வரவில்லை. பொய் என்று தெரிந்தே அதைச் சுமந்துகொண்டு பள்ளிக்கூடம் போய்வந்திருக்கிறாள். நான் ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இறக்கிவைத்துவிடுவாள். நானும்தான்.

"அழிக்காத" என்றேன். "அது பொய்தான். எழுதினது எழுதினபடி இருக்கட்டும்."

டெல்பின் ரப்பரைக் கையில் பிடித்தபடியே என்னைப் பார்த்தாள். பிறகு பாட்டியைப் பார்த்தாள். பாட்டி அழுதுகொண்டிருந்தார். ப்ரூஃபை எடுத்து ஜன்னல் பக்கம் கொண்டுபோனாள். முகத்துக்கு மிக அருகில் பிடித்து, அந்த மெழுகுவர்த்தியைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு, மீதியைப் பார்த்தாள்.