வாய் பிளந்த ஷூ

வசந்த் செத்து ஒரு வருடம் ஆன ஞாயிற்றுக்கிழமை, அவனுடைய அக்கா தமிழினி என்னைக் கத்திமேட்டுக்குக் கூட்டிப்போகச் சொன்னாள்.

"அவன் உழுந்த எடத்துல ஒரு சூடம் ஏத்தணும் ஃபஹீம். உனக்குத்தான் எடம் தெரியும்."

மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. ஒரு வருடமாக எனக்கு வாய் வராத விஷயங்களில் அது ரொம்பச் சின்னது.

நாங்கள் மூன்று பேரும் ஆம்பூரில் ஒரே ஷூ கம்பெனி. வசந்த் பேக்கிங், நான் சோல் ஒட்டும் பிரிவு. அக்கா செக்கிங். வெளிநாட்டுக்குப் போகும் ஷூக்களை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். சோலுக்கும் தோலுக்கும் நடுவே முடி நுழைகிற இடைவெளி இருந்தால்கூடச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவாள். எங்கள் பிரிவில் அவளைத் திட்டாத ஆளே கிடையாது.

அடிவாரம் வரை ஷேர் ஆட்டோ. அதற்கு மேல் மூங்கில் காட்டுக்குள் இரண்டு மணி நேர ஏற்றம். நான் செருப்பைக் கீழேயே கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு ஏறினேன்.

"கல்லு குத்தாதா?" என்று அக்கா கேட்டாள்.

"இதான்க்கா நல்லா புடிக்கும்" என்றேன். பொய். என் காலிலிருந்து எந்தச் சத்தமும் வரக்கூடாது என்று நினைத்தேன். அப்போதுதான் வருவது யாருடைய சத்தம் என்று தெரியும்.

கத்திமேடு என்பது இரண்டு குன்றுகளுக்கு நடுவே ஓடும் பாறை. நூறடி நீளம் இருக்கும், அகலம் ஒரு ஆள் நிற்கிற அளவு. ஒரு பக்கம் பள்ளத்துக்கு அப்பால் பாலாற்று மணலும் தோல் பதனிடும் ஷாப்புகளின் கூரைகளும் தெரியும். இன்னொரு பக்கம் வெறும் பள்ளம். அன்று காலை பனி இறங்கி இரண்டு பக்கமும் ஒன்றாகவே இருந்தன. ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். நான் முன்னால் நடந்தேன். போன வருடமும் நான்தான் முன்னால்.

பத்தடி போயிருப்பேன், கேட்டது.

டப். டப். டப்.

கழன்ற சோல் பாறையில் அடிக்கிற சத்தம். தூக்கத்தில் கேட்டிருக்கிறேன், தொழுகையில் கேட்டிருக்கிறேன், பிரஸ் மெஷின் இரைச்சலுக்கு நடுவிலும் கேட்டிருக்கிறேன். அப்போதெல்லாம் அது என் காதுக்குள் இருந்தது. இங்கே எனக்குப் பின்னால், மூன்றடி தள்ளி, பாறைமேல் இருந்தது.

நின்று திரும்பினேன். அக்கா நல்ல தூரம் தள்ளி நின்றிருந்தாள். எங்கள் நடுவில் யாரும் இல்லை.

"இன்னா ஃபஹீம்?"

"ஒண்ணுமில்லக்கா."

அன்றைக்கும் இதே இடம்தான். "நீ குடுத்த ஷூ வாயத் தொறந்து பேசுதுடா தோஸ்த்" என்று வசந்த் பின்னாலிருந்து சிரித்தான். "அந்தப் பக்கம் போய் ஷூவச் சுத்தி கயிறு கட்டிக்கலாம், வா" என்றேன். நின்று திரும்பிப் பார்க்கச் சோம்பல். வேகத்தையும் குறைக்கவில்லை. அதற்குப் பிறகு அந்தச் சத்தம் ஏழு தரம் கேட்டது. எட்டாவது கேட்கவில்லை. திரும்பினால் பாறை காலியாக இருந்தது. கால் வழுக்கிவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னேன், போலீஸிலும் அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

இப்போது எண்ணிக்கொண்டே நடந்தேன். ஐந்து. ஆறு. ஏழு. நின்றுவிடும் என்று நினைத்தேன்.

எட்டு. ஒன்பது.

இரண்டு பக்கமும் காலைத் தொங்கவிட்டுப் பாறைமேல் உட்கார்ந்துவிட்டேன். அக்காவின் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னேன்.

"அவன் கால் வழுக்கலக்கா. சோல் பிச்சிக்கிச்சி. நான் ஒட்டினது. மலைக்குப் போட ஷூ வேணும்னு பேஜார் பண்ணான். ரிஜெக்ட் ஆன தோல்ல சாப்பாட்டு நேரத்துல ஒட்டிக் குடுத்தேன். தோல உரசி சொரசொரப்பு பண்ணிட்டுதான் சொல்யூஷன் தடவணும். உரசுற மெஷின்கிட்ட சூப்பர்வைசர் இருந்தாரு. உரசாமலே ஒட்டிட்டேன்."

பின்னால் அக்காவும் உட்காருவது கேட்டது.

"உரசலன்னு தெரியும்" என்றாள். "ஆஸ்பத்திரில அந்த ஷூவ என் கையிலதான் குடுத்தாங்க. அடித்தோலு பளபளன்னு இருந்துச்சி. உன்னத் தவிர யாரு ஒட்டிக் குடுத்திருப்பா?"

"அப்ப ஏன்க்கா ஒரு வருஷமா ஒரு வார்த்த கேக்கல?"

"கேட்டா நானும் சொல்லணுமே."

அவள் மூக்கை உறிஞ்சினாள்.

"அன்னிக்குக் காலையில வாசல்ல உக்காந்து லேஸ் கட்டினான். வலது கால் நுனியில நகம் போற அளவு பொளந்திருந்துச்சி. பாத்தேன். 'லீவு நாள்ல கூட செக்கிங்காக்கா'ன்னான். நானும் சிரிச்சிட்டு உட்டுட்டேன். யாரோ வெளிநாட்டுக்காரன் காலுக்கு எத்தன ஆயிரம் ஷூவ ரிஜெக்ட் பண்ணிருப்பேன். என் தம்பி காலுக்குப் பாஸ் போட்டு அனுப்பிட்டேன்."

எனக்கு முதலில் வந்தது நிம்மதி. பங்கு போட ஒரு ஆள் கிடைத்த நிம்மதி. அதற்காக என் முகத்தில் யாராவது காறித் துப்பலாம். பிறகுதான் அழுகை வந்தது.

அக்கா அங்கேயே, அவன் விழுந்த இடம் என்று நான் கை காட்டிய பாறையில், சூடம் ஏற்றினாள். காற்றில் இரண்டு குச்சி அணைந்து மூன்றாவதில் பிடித்தது. அது எரிந்து தீரும்வரை இருந்தோம். நான் எழுந்து அவளருகே போக, அவளும் எழுந்தாள்; ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு இடம் மாறி, வந்த வழியே இறங்கத் திரும்பி நின்றோம்.

"நீ முன்னாடி போ" என்றாள்.

பத்தடி நடந்து திரும்பிப் பார்த்தேன். அவள் நின்ற இடத்திலேயே இருந்தாள்.

"வாங்கக்கா. பனி ஜாஸ்தி ஆவுது. ஒட்டியே வாங்க."

"நீ போ. எடம் உட்டுதான் வருவேன். வரும்போதும் அப்படித்தான வந்தேன்."

"ஏன்க்கா?"

அவள் எனக்கும் அவளுக்கும் நடுவே இருந்த வெறும் பாறையைப் பார்த்தாள்.

"நடுவுல அவன் வர்றான்ல. எனக்கும்தான் கேக்குது."

நான் முன்பக்கம் திரும்பிக்கொண்டேன். முதுகுக்குப் பின்னால் மறுபடியும் தொடங்கியது. டப். டப்.

"மெதுவா நட ஃபஹீம்" என்றாள் அக்கா. "அவனுக்குப் பிஞ்ச ஷூ."

மெதுவாக நடந்தேன். அன்றைக்கு நான் நடந்திருக்க வேண்டிய வேகத்தில்.